ஒன்பதாம் நம்பரைத் திருப்பிக் கேட்காத பத்து நாள்

இந்த வருடமும் கிளப் கூட்டத்தில் அதே பேச்சுதான் வந்தது. லோனில், அதாவது வேறு கிளப்பிலிருந்து ஒரு சீசனுக்கு இரவலாக, ஆட்டக்காரர்களை எடுக்கலாமா, கூடாதா. திருவொற்றியூரில் ஒரு டீக்கடை மாடியில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டுப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். உலகத்தில் இருக்கிற கிளப் எல்லாம் செய்வதை நாம் ஏன் செய்யக்கூடாது என்று ஒருவன் கேட்டான். "வர்றவன் ஆறு மாசத்துல பையைத் தூக்கிகினு போய்டுவான், அப்பால நாமதான் வாயைப் பொளந்துகினு நிக்கணும்" என்றான் இன்னொருவன். கொஞ்ச நேரம் இப்படியே கத்திவிட்டு, "செயலாளரு நீ சொல்லுணே" என்று எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். எனக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கி வந்துவிட்டேன். தலைவலியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

நான் மணலி சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் கிளார்க். எந்தப் பெட்டி உள்ளே வந்தது, எந்தப் பெட்டி வெளியே போனது என்று பகலெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் கிளப் செயலாளர். அதற்குச் சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு. எங்கள் குப்பத்தில் என் அப்பா வயதுக்காரர்கள் தொடங்கிய கால்பந்து கிளப் அது. மைதானம் என்று நாங்கள் சொல்வது ரயில் பாதைக்கும் ஒரு தொழிற்சாலையின் பின்சுவருக்கும் நடுவே கிடக்கிற கட்டாந்தரை. கும்மிடிப்பூண்டி வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் எங்கள் ஆட்டத்தை அரை நிமிடம் இலவசமாகப் பார்க்கலாம். கோல் போஸ்டில் கட்டியிருப்பது பழைய மீன் வலை. காற்று வடக்கே இருந்து அடித்தால் எண்ணூர் அனல்மின் நிலையத்துச் சாம்பல் வந்து கண்ணில் விழும். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆடுவார்கள்.

லீக்கில் நாங்கள் அப்போது மூன்றாம் டிவிஷன். அதற்கு மேலே போனதும் இல்லை, அதுவரைக்கும் அதற்குக் கீழே இறங்கியதும் இல்லை. கீழே இறங்காமல் இருப்பதுதான் எங்கள் பெருமையாக இருந்தது. கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். அப்பா சாகும்போது கிளப்பைப் பார்த்துக்கொள் என்றெல்லாம் சினிமா மாதிரி எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் என் காலத்தில் அது இறங்கிவிடக்கூடாது என்று எனக்கு ஒரு வெறி இருந்தது. அந்த வெறியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எங்களிடம் ஒரு ஒன்பதாம் நம்பர் இருந்தான், முன்னால் நின்று கோல் அடிக்கிறவன். அவன் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அவன் ஒன்றும் நினைக்கமாட்டான், எனக்குத்தான் வாய் கூசுகிறது. என் தூரத்து அக்காள் மகன், என்னை மாமா என்று கூப்பிடுவான். அவன் அப்பா மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா திருவொற்றியூர் மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். கடல் அவர்கள் வீட்டைத் தின்ற பிறகு எர்ணாவூர் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் ஒரு வீடு கொடுத்தார்கள். விடிகாலையில் யாராவது ஆள் குறைந்த படகில் ஏறிக் கடலுக்குப் போவான், சாயங்காலம் மைதானத்துக்கு வருவான். உப்பு காயாத உடம்போடு வந்து பந்தை வாங்கித் திரும்பினான் என்றால் எதிராளி எந்தப் பக்கம் விழுவது என்று தெரியாமல் விழுவான். இவ்வளவு காலமாக ஆட்டம் பார்க்கிறேன், அப்படி ஒரு திரும்பலை வேறு யார் காலிலும் பார்த்ததில்லை.

நான் சொல்லப்போகிற சீசனில் அவனுக்கு இருபத்துநான்கு முடியப் போகிறது. வடசென்னையில் பந்து ஆடுகிறவனுக்கு இருபத்துநான்கு என்றால் என்ன என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு எடுக்கிறவர்கள் இருபத்தைந்தோடு கதவைச் சாத்திவிடுவார்கள். டீம் வைத்திருக்கிற ஒரு பெரிய அரசு நிறுவனம் ஆள் எடுப்பதாக இருந்தது. போய் நிற்பதற்கே ஒரு சான்றிதழ் வேண்டும்: அந்த சீசனில் முதல் டிவிஷனில் குறைந்தது எட்டு ஆட்டத்தில் இறங்கியிருக்க வேண்டும். எங்கள் மூன்றாம் டிவிஷன் கோல்களை எவனும் எண்ணமாட்டான். அந்த சீசனை விட்டால் அவனுக்கு வேறு சீசன் கிடையாது.

அதனால்தான் லோன். இதை இப்போதும் தப்பு என்று சொல்லமாட்டேன். லோன் என்பது நல்ல ஏற்பாடுதான். சின்ன கிளப்பில் கிடப்பவன் பெரிய இடத்தில் காலை வைக்கலாம், நாலு பேர் கண்ணில் படலாம். பெரிய கிளப்பில் உட்கார்ந்தே கிடப்பவன் சின்ன கிளப்புக்கு வந்து ஓடி ஆடிக் காலைச் சரி செய்துகொள்ளலாம். யாரும் யாரையும் விற்கவில்லை, சீசன் முடிந்தால் அவரவர் வீட்டுக்கு அவரவர். பேச்சுக்கு எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள். நானே இதைக் கூட்டத்தில் எழுந்து நின்று பேசியிருக்கிறேன், கைகூடத் தட்டினார்கள்.

நகரத்துக்குள் இருக்கிற ஒரு முதல் டிவிஷன் கிளப் அவனைக் கேட்டது. பதிலுக்கு அவர்களுடைய நடு ஆட்டக்காரர் ஒருவரை எங்களுக்குக் கொடுப்பதாகச் சொன்னார்கள். மலப்புரத்துப் பக்கத்து ஆள், முப்பதைத் தொட்டவர், முட்டியில் அறுவை சிகிச்சை முடிந்து வந்தவர், கொஞ்சம் ஆட்டம் வேண்டும். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே காகிதம். ஒருவரைத் திருப்பினால் மற்றவரும் திரும்ப வேண்டும். சீசன் நடுவே பத்து நாள் உண்டு, அந்தப் பத்து நாளுக்குள் இரண்டு கிளப்பில் எது வேண்டுமானாலும் லோனை ரத்து செய்யலாம். அதை விட்டால் கடைசி வரைக்கும் கட்டுதான். படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். காகிதத்தை வாசிக்கிற வேலையில் இருப்பவன் நான், புரியவில்லை என்று சொல்ல வழியில்லை.

அன்று சாயங்காலம் அவன் அம்மா வீட்டுக்கு வந்து ஒரு பை நண்டு கொடுத்துவிட்டுப் போனாள். "உன் கையிலதான் குட்த்துகீறேன் தம்பி, பாத்துக்கோ" என்றாள். நண்டைச் சொல்கிறாள் என்று என் மனைவி நினைத்துக்கொண்டு, உடனே கழுவி வைக்கிறேன் அக்கா என்று பதில் சொன்னாள். நான் சிரித்தேன்.

மலப்புரத்துக்காரர் வந்து இறங்கினார். தண்டையார்பேட்டையில் ஓர் அறை எடுத்துக் கொடுத்தோம். முதல் நாள் எங்கள் கட்டாந்தரையைப் பார்த்துவிட்டு ஷூவைக் கட்டிக்கொண்டார். அவர் ஓடவே மாட்டார், நடப்பார். ஆனால் பந்து எங்கே வருமோ அங்கே அவர் முன்பே நின்றிருப்பார். எங்கள் பையன்கள் தலையைக் குனிந்துகொண்டு ஓடுகிறவர்கள். அவர் வந்த மூன்றே வாரத்தில் தலையைத் தூக்கிப் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். ஐந்து ஆட்டம் தோற்றுக் கடைசி இடத்தில் கிடந்த டீம், ஒன்று ஜெயித்தது, இன்னொன்று சமன் செய்தது. எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

குப்பத்தில் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். மாற்றி மாற்றி ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அவருக்கு மீன் குழம்பு போகும். ஒன்பதாம் நம்பரின் அம்மாவும் கொடுத்தனுப்பினாள். "அவுரும் புள்ள குட்டிய வூட்ல வுட்டுட்டு வந்துகீறாரு, நம்ம புள்ளைய அங்க யாராவது பாத்துக்க மாட்டாங்களா" என்றாள். அந்தக் குழம்பைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு போனது நான்தான்.

அங்கே நம் பிள்ளையை யாரும் பார்த்துக்கொள்ளவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரயில் ஏறிப்போய் அவர்கள் ஆட்டத்தைப் பார்த்தேன். புல் தரை, வெள்ளைக் கோடு, நிழலுக்குக் கூரை போட்ட பெஞ்சு. அவன் இன்னும் இறங்காத ஆட்டக்காரர்கள் போடுகிற ஆரஞ்சுப் பனியனை மேலே மாட்டிக்கொண்டு கோட்டோரமாக ஓடிக்கொண்டிருந்தான். இடைவேளை முடிந்ததிலிருந்து ஓடிக்கொண்டே இருந்தான். ஆட்டம் முடியக் கால் மணி நேரம் இருக்கும்போது கோச் கூப்பிட்டார். பனியனைக் கழற்றினான், சாக்ஸை இழுத்துவிட்டான், மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டான். அந்த நேரம் பார்த்து அவர்கள் டீம் ஒரு கோல் போட்டது. ஜெயித்துக்கொண்டிருக்கிறோம், இனி தடுத்தால் போதும் என்று கோச் அவனை உட்காரச் சொல்லிவிட்டு ஒரு தடுப்பு ஆட்டக்காரனை இறக்கினார். அவன் அந்தப் பனியனைத் திரும்ப மாட்டிக்கொண்டதை நான் பார்த்தேன். தலை வழியாக மாட்டும்போது கொஞ்ச நேரம் முகத்தை வெளியே எடுக்காமலே இருந்தான்.

வெளியே வந்ததும் லெமன் ஜூஸ் வாங்கிக் கொடுத்தேன். "அடுத்த மேட்ச் இறக்கிடுவாங்க மாமா, கோச்சு சொல்லிகீறாரு" என்றான். எனக்குச் சொன்னானா, தனக்கே சொல்லிக்கொண்டானா தெரியாது. ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று அந்த கிளப்பில் துணி துவைக்கிற பெரியவரிடம் விசாரித்தேன். அவர் ஒளிக்காமல் சொன்னார். இவனை எதிரி கிளப் கேட்டிருந்ததாம். அவர்களுக்குப் போய்விடக்கூடாது என்றுதான் இவர்கள் எடுத்தார்களாம். இறக்குவதற்கு வெளிநாட்டிலிருந்து வந்த இரண்டு பேர் இருக்கிறார்களாம். ஆக, என் அக்காள் மகனைக் கொண்டுபோய் ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டி வைத்திருந்தார்கள். பூட்டுகிற காகிதத்தில் என் கையெழுத்து.

அந்தப் பத்து நாள் வந்தது. மூன்றாவது நாள் மத்தியானம் அவன் யார்டு கேட்டுக்கு வந்தான். வெளியே டிரெய்லர்கள் எர்ணாவூர் வரைக்கும் வரிசையில் நின்றிருந்தன. ஒரு டிரெய்லரின் நிழலில் நின்று பேசினோம்.

"மாமா, என்னைத் திருப்பிக் கூப்ட்டுக்கோ" என்றான்.

"இன்னாடா ஆச்சு?"

"லோனைக் கேன்சல் பண்ணு மாமா. ராயபுரத்து டீம் ஒண்ணு, அதுவும் ஃபர்ஸ்ட் டிவிசன்தான். அந்தக் கோச்சு பேசினாரு. நான் ஃப்ரீயா இருந்தா நாளைக்கே சேத்துக்குவாராம், ஒவ்வொரு மேட்சும் இறக்குவாராம். இன்னும் ஒன்பது மேட்ச் கீது. இங்க ரெண்டு மேட்ச்ல கடைசி அஞ்சு நிமிசம் ஆடிகீறேன். அங்க ஆறு ஆடினா போதும், கணக்கு சரியாப் பூடும்."

"உங்க கோச்சு இன்னா சொல்றாரு?"

"வெயிட் பண்ணுன்றாரு. எதுக்கு மாமா வெயிட் பண்றது? எனக்கு வயசு வெயிட் பண்ணுமா?"

அவன் கோபமாகப் பேசி நான் அன்றுதான் கேட்டேன். நான் என்ன சொன்னேன் என்பது ஒரு எழுத்து விடாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

எங்கள் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. சீசனுக்கு ஒருவருக்கு வலையைக் கொடுத்துவிட்டால், சீசன் முடிகிற வரைக்கும் போய்த் திருப்பிக் கேட்கமாட்டார்கள். நடுவில் கேட்டால், நீ அதை ஒழுங்காக வைத்துக்கொள்ளவில்லை என்று சொல்லாமல் சொன்ன மாதிரி. அவன் தொழிலுக்குக் குறுக்கே விழுந்த மாதிரி. கொடுத்த வலை அவன் வாசலில் கடலைப் பார்க்காமல் சும்மா காய்ந்துகொண்டிருந்தாலும், பார்க்காதவன் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். என் அப்பா அப்படித்தான் போவார் என்று நினைத்து வளர்ந்தவன் நான்.

"டேய், குட்த்ததை நடுவுல போய் கேக்கறது நம்ம பக்கத்துல எங்கயாவது உண்டாடா?" என்றேன். "நாளைக்கு நம்ம கிளப்பை எவன் மதிப்பான்? வார்த்தை மாறினவன்னு சொல்லமாட்டான்? உங்கப்பன் இருந்தா கேக்க வுட்ருப்பானா?"

அவன் அப்பாவை ஏன் இழுத்தேன் என்று தெரியவில்லை. செத்தவர் வந்து இல்லை என்று சொல்லமாட்டார் என்ற தைரியம்தான்.

அவன் டிரெய்லர் டயரைப் பார்த்தபடியே, "நீ கேட்டா குட்த்துருவாங்க மாமா" என்றான். அவ்வளவுதான். அப்புறம் மத்தியானச் சாப்பாடு ஆச்சா என்று என்னைக் கேட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நடந்து போனான்.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வழக்கமாவது வெங்காயமாவது. அவனைத் திருப்பிக் கூப்பிட்டால் மலப்புரத்துக்காரரும் அன்றைக்கே பையைக் கட்டுவார். அவர் போனால் நாங்கள் இறங்கிவிடுவோம். அதுதான் என் மண்டைக்குள் இருந்தது. அந்த நிழலில் நின்று அவனிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே, அடுத்த ஞாயிறு ஆட்டத்துக்கு நடுவில் யாரை நிறுத்துவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதை அவனிடம் சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் குப்பத்து மரியாதையை எடுத்துப் போர்த்திக்கொண்டேன். நன்றாகப் பொருந்தியது. கொஞ்ச நாளில் நானே அதை நம்பவும் ஆரம்பித்துவிட்டேன்.

பத்து நாளில் மீதி ஏழு நாள் இருந்தது. ஏழு நாளும் அவன் வரவில்லை, போனும் செய்யவில்லை. பத்தாவது நாள் சாயங்காலம் ஆறு மணி ஆனதும், அப்பாடா, இனி யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது சோறு இறங்கமாட்டேன் என்கிறது.

கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்திலேயே நடந்தது. சமன் செய்தால் தங்குவோம், தோற்றால் இறங்குவோம். எண்பது நிமிடம் வரைக்கும் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று பின்தங்கி இருந்தோம். அப்போது பெனால்டி பெட்டிக்கு வெளியே ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது. மலப்புரத்துக்காரர் பந்தை வைத்தார், இரண்டே எட்டு பின்னால் போனார், அடித்தார். சுவராக நின்றவர்களின் தலைக்கு மேல் போய் வளைந்து இறங்கி மீன் வலையில் விழுந்தது. ரயில் வேறு அந்த நேரம் போனது, அதில் இருந்தவர்கள்கூடக் கை தட்டினார்கள் என்று எங்கள் கோல்கீப்பர் இன்றைக்கும் சத்தியம் செய்கிறான். நான் அழுதேன். நாற்பத்தாறு வயது ஆள், தரையில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். அந்த மனிதரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

நிமிர்ந்து பார்த்தால் தொழிற்சாலைச் சுவர்மேல் ஒன்பதாம் நம்பர் உட்கார்ந்திருந்தான். அவர்களுடைய சீசன் முந்தின வாரமே முடிந்துவிட்டது. மொத்தம் மூன்று ஆட்டம், மூன்றிலும் கடைசி நிமிடங்கள். அவனும் கை தட்டிக்கொண்டிருந்தான். இறங்கி வந்து மலப்புரத்துக்காரரிடம், "சூப்பர் அடிண்ணா" என்றான். பிறகு என்னைப் பார்த்து, "தங்கிட்டோம் மாமா" என்றான். தங்கிட்டோம் என்றான், தங்கிட்டீங்க என்று சொல்லவில்லை. நான் சிரித்துக்கொண்டே அவன் முதுகில் தட்டினேன்.

மலப்புரத்துக்காரர் மறுநாளே ரயில் ஏறினார். அவரை ஒரு வார்த்தை குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது, நல்ல மனிதர். ஆனால் அவர் நின்ற இடத்தில் அதற்கு முன்பு எங்கள் பையன் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். அவர் வந்த பிறகு அந்த சீசன் முழுக்க அவனைப் பெஞ்சில் வைத்தோம். பேஜாராகி ஷேர் ஆட்டோ ஓட்டப் போனவன், கூப்பிட்டபோது வரவில்லை. "இப்ப மட்டும் நான் வேணுமா? லோன்ல எவனையாவது இட்டுகினு வா" என்று முகத்துக்கு நேராகச் சொன்னான். ஒன்பதாம் நம்பரும் ஆடமாட்டேன் என்று சொல்லிவிட்டான். கோபத்தில் இல்லை, நேரமில்லை என்றான். முன்னால் ஆள் இல்லை, நடுவிலும் ஆள் இல்லை. அடுத்த சீசன் பாதி முடிவதற்குள்ளேயே நாங்கள் இறங்குவது உறுதியாகிவிட்டது. இறங்கினோம். ஒரே ஒரு வருடம் தள்ளிப்போட்டேன், அவ்வளவுதான். அந்த ஒரு வருடத்துக்கு நான் கொடுத்த விலை என்னுடையது இல்லை.

அந்த அரசு நிறுவனத்தில் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். அவன் வயதுக்காரர்கள் இரண்டு பேர் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டு பேரையுமே இவன் தரையில் விழ வைத்து நான் பார்த்திருக்கிறேன். இவன் இப்போது எண்ணூரில் ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்கிறான், சாம்பல் போகிற குழாயில் அடைப்பு எடுக்கிற வேலை. வந்தால் தலைமுடி, புருவம் எல்லாம் வெளுத்திருக்கும்.

இந்த வருடக் கூட்டத்தில் தலைவலி என்று சொல்லி டீக்கடை மாடியிலிருந்து இறங்கிய நான் நேராக வீட்டுக்குப் போகவில்லை. என்னவோ தோன்றி எர்ணாவூர் குடியிருப்புக்குப் போய் மூன்று மாடி ஏறினேன். அவன் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. அவன் அம்மா தரையில் குந்தி நண்டு பிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முந்தானையால் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

"இன்னா தம்பி, மூஞ்சி ஒரு மாரி கீது?"

"ஒன்னியும் இல்லக்கா. கிளப்புல லோனு அது இதுன்னு பேசிகினு இருந்தாங்க. புடிக்கல, வந்துட்டேன்."

அவள் நண்டைப் பிரித்துக்கொண்டே இருந்தாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன். "அவனை நடுவுலயே கூப்ட்டுகினு இருக்கலாம்க்கா" என்றேன். "குட்த்ததைத் திருப்பிக் கேக்கக் கூடாதுன்னு நம்ம வழக்கம். அதான் வுட்டுட்டேன். உனக்குத் தெரியாததா? வலையைக் குட்த்தா கேப்போமா நாம?"

ஆமாம் தம்பி என்று அவள் சொல்லிவிட வேண்டும், அதற்காகத்தான் மூன்று மாடி ஏறியிருக்கிறேன் என்று அப்போது எனக்கே தெரிந்தது.

அவள் நண்டின் கொடுக்கை உடைத்துத் தட்டில் போட்டாள். "கேக்க மாட்டாங்கதான்" என்றாள். "புள்ளைக்குன்னா கேப்பாங்க."

"யாரு கேட்டாங்க?"

"உங்கப்பா கேட்டாரே. நீ பாலிடெக்னிக்குல சேர்ற வருசம். எனக்குக் கல்யாணம் ஆகி நாலு மாசமோ அஞ்சு மாசமோ. எங்க வூட்டுக்காரருக்கு நண்டு வலை குட்த்திருந்தாரு, பாதி சீசன் கூட ஆவல. உங்க வலையைக் கப்பல் இழுத்துகினு பூட்ச்சாம். காலங்காத்தால வந்து நின்னாரு. தலையைத் தூக்கவே இல்ல. வெக்கமா கீதும்மா, ஆனா பையன் படிக்கணும், வலையைக் குட்த்துடுங்கன்னாரு. எங்க வூட்டுக்காரரு ஒரு வார்த்த பேசல. மடிச்சி அவுரு தோள்ல தூக்கி வெச்சாரு." அடுத்த நண்டை எடுத்துக்கொண்டு, "கேட்டா குட்க்கறாங்க, தம்பி. அதுல இன்னா கீது" என்றாள்.

அவள் குத்திக் காட்டிப் பேசவில்லை. அப்படிப் பேசியிருந்தால் நானும் ஏதாவது பேசிச் சண்டை போட்டிருப்பேன். கேட்டேன் என்பதற்காகச் சொன்னாள், அவ்வளவுதான். அந்த வலையில் வந்த நண்டில்தான் நான் படித்தேன். அந்தப் படிப்பில்தான் யார்டில் கிளார்க் ஆனேன். அந்த யார்டு வாசலில்தான் அவள் பிள்ளை வந்து நின்றான், என் அப்பா அவர்கள் வாசலில் வந்து நின்ற மாதிரி. அவன் கேட்டது தன் தோள்மேல் எதையும் தூக்கி வைக்கச் சொல்லிக்கூட இல்லை, ஒரு காகிதம் எழுதச் சொல்லித்தான். கேட்டேனா நான்?

அவன் வந்துவிட்டான். வாசலில் நின்றே தலையைத் தட்டினான், சாம்பல் உதிர்ந்தது. "மாமா, எப்ப வந்தே? டீ குட்ச்சியா?" என்று கேட்டுவிட்டு முகம் கழுவக் குழாயடிக்குப் போனான்.

நான் எழுந்தேன். அவன் அம்மா ஒரு பையில் நண்டைப் போட்டு என் கையில் கொடுத்தாள். "கொயம்பு வெக்கச் சொல்லு, நல்லா சதை கீது" என்றாள். வாங்கிக்கொண்டு வந்தேன்.